மாங்கா மண்டி ஆப்புக்கு மைக்ரோசர்வீஸ் வேணுமா?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மூணு பேர் சேர்ந்து மாங்கா மண்டிகளுக்கு ஆப் பண்றாங்களாம், எடைச் சீட்டு, விவசாயி கணக்கு, கமிஷன், எஸ்எம்எஸ் எல்லாம் அதுல. 40 மண்டி வரைக்கும் சேரும், சீசன்ல ஒரு மண்டிக்கு நாளைக்கு 300 சீட்டு விழும்னு எதிர்பார்க்குறாங்க. ஓசூர்ல இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போற நண்பர் ஒருத்தர், மைக்ரோசர்வீஸா, அதாவது ஒரே ஆப்பைத் தனித்தனியா ஓடுற சின்னச் சின்ன புரோகிராமா பிரிச்சுப் பண்ணலைன்னா சீசன்ல சர்வர் படுத்துரும்னு சொல்லிட்டாராம். என்ன பண்றதுன்னு கேட்குறாரு.

தம்பி, முதல்ல கணக்கு போட்டுப் பாருங்க. 40 மண்டி, 300 சீட்டு, மொத்தம் 12,000. மண்டி பத்து மணி நேரம் ஓடுதுன்னா 36,000 செகண்டு, அதாவது மூணு செகண்டுக்கு ஒரு சீட்டு. வண்டியெல்லாம் ஒண்ணா வந்து நிக்கிற நேரத்துக்கு பத்து மடங்கு வச்சாலும் செகண்டுக்கு மூணு நாலு தான் வருது, இதை சாதாரண சர்வர்ல போஸ்ட்கிரெஸ்னு ஒரு டேட்டாபேஸ் போட்டாலே அசராம தாங்கும். லோடு உங்களுக்குப் பிரச்சனையே இல்ல.

நீங்க பயப்பட வேண்டியது காசு விஷயத்துக்கு. பெங்களூரா ரக மாங்கா ஒரு லோடு வருது, எடை போடுறீங்க, விவசாயி கணக்குல வரவு ஏறணும், முன்னாடி வாங்கின அட்வான்ஸ் கழியணும், கமிஷன் பிடிக்கணும், நடந்தா எல்லாம் சேர்ந்து நடக்கணும் இல்லன்னா எதுவுமே நடக்கக்கூடாது. ஒரே டேட்டாபேஸ்னா இது ஒரு டிரான்சாக்ஷன், பாதில கரண்டு போனாலும் அதுவே பழையபடி திருப்பி வச்சிரும். எடைக்கு ஒரு சர்வீஸ் கணக்குக்கு ஒரு சர்வீஸ்னு பிரிச்சு தனித்தனி டேட்டாபேஸ் குடுத்தீங்கன்னா அந்தப் பாதுகாப்பு போயிருது, பாதில நின்னதைத் திருத்துற கோடு முழுக்க நீங்களே எழுதணும். தர்மபுரி பக்கம் பால் கொள்முதலுக்கு ஒரு வேலை பண்ணப்ப நாலு பேர் டீம்ல ஏழு சர்வீஸ் வச்சிருந்தோம். பால் ஏறியிருக்கும், பணம் ஏறியிருக்காது. கறந்து ஊத்தின அம்மா சீட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க, எந்த சர்வீஸ்ல நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அந்த முகம் இன்னும் மறக்கல.

அதனால நான் சொல்றது மாடுலர் மோனோலித். ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ், ஆனா உள்ளுக்குள்ள எடை, விலை, கணக்கு, மெசேஜ்னு தெளிவா பிரிச்சு வைங்க. ஒரு மாடுலோட டேபிளை இன்னொரு மாடுல் நேரா தொடக்கூடாது, கேட்டுத்தான் வாங்கணும், இந்த ஒரு விதியில மட்டும் கறாரா இருங்க. கன்ட்ரோலர் (வர்ற கோரிக்கையை வாங்குறது), சர்வீஸ் (விதிகளைப் பார்க்குறது), ரெப்பாசிட்டரி (டேட்டாபேஸோட பேசுறது)னு அடுக்கு அடுக்கா மட்டும் பிரிக்கிற லேயர்டு ஸ்டைல் ஆரம்பத்துக்கு ஈசி தான், ஆனா நாளாக நாளாக கமிஷன் விதி ஒண்ணை மாத்த எல்லா அடுக்கையும் நோண்ட வேண்டி வரும். எது மாறுமோ அதை ஒரு மாடுலுக்குள்ள ஒளிச்சு வைன்னு சாஃப்ட்வேர் ஆராய்ச்சியாளர் டேவிட் பார்னஸ் 1972லயே எழுதிட்டாரு. உங்களுக்கு அப்படி மாறுறது விலை, கூழ் ஃபேக்டரிக்காரங்க இன்னிக்கு சொல்ற ரேட்டு நாளைக்கு இருக்காது.

எஸ்எம்எஸ் மட்டும் வேற கதை. அது பத்து நிமிஷம் லேட்டானா யாருக்கும் நஷ்டமில்ல, ஆனா அதுக்காக பில்லு காத்து நிக்கக்கூடாது. இங்க ஈவென்ட் முறை சரியா வரும்: பில் போடுற அதே டிரான்சாக்ஷன்ல அனுப்ப வேண்டிய மெசேஜை ஒரு டேபிள்ல எழுதிடுங்க, பின்னாடி தனியா ஓடுற ஒரு வொர்க்கர் புரோகிராம் அதை எடுத்து அனுப்பட்டும், இதுக்கு அவுட்பாக்ஸ்னு பேரு. காஃப்கா மாதிரி மெசேஜ் கடத்துற பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் இப்ப வேணாம்.

இன்னொண்ணு, தோப்புப் பக்கம் நெட் வரும் போகும், அதனால சீட்டை முதல்ல போன்லயே சேமிச்சு அங்கயே ஒரு தனி நம்பர் குடுத்துருங்க, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்பட்டும், அதே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா சர்வர் மறுபடி வரவு வைக்காது. எடை மெஷின் மண்டிக்கு மண்டி வேற கம்பெனியா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் அது சொல்றதை உங்க ஆப்புக்குப் புரியுற மாதிரி மாத்துற சின்ன அடாப்டர் கோடு எழுதுங்க, ஹெக்ஸகனல் டிசைன்னு சொல்றது இதைத்தான்.

உங்க நண்பர் சொல்றது தப்புன்னு நான் சொல்லல, அவர் கம்பெனில நிறைய டீம் இருக்கும், ஒருத்தர் ரிலீசுக்கு இன்னொருத்தர் காத்து நிக்கக்கூடாது, அங்க மைக்ரோசர்வீஸ் தேவை தான். ஆளுங்க எப்படிப் பிரிஞ்சிருக்காங்களோ சிஸ்டமும் அப்படித்தான் அமையும்னு கம்ப்யூட்டர் விஞ்ஞானி மெல்வின் கான்வே 1968ல சொன்னாரு. நீங்க மூணு பேர், ஒரே ரூம். அமேசான் பிரைம் வீடியோலயே ஒரு டீம் வீடியோ தரம் பார்க்குற சிஸ்டத்தை துண்டு துண்டா ஓட்டிட்டு திரும்ப ஒரே புரோகிராமா சேர்த்ததுல செலவு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுன்னு 2023ல எழுதினாங்க. பின்னாடி மெசேஜோ ரிப்போர்ட்டோ தனியா ஆள் வச்சுப் பார்க்குற அளவுக்கு வளர்ந்தா அந்த மாடுலை மட்டும் வெட்டி எடுத்துக்கலாம், எல்லையைச் சுத்தமா வச்சிருந்தா அது பெரிய வேலை இல்ல.

சீசன் ஆரம்பத்துல 40 மண்டிக்கும் குடுத்துராதீங்க. ரெண்டே மண்டில ஓட்டுங்க, கணக்குப்பிள்ளைய நோட்டுலயும் சேர்த்து எழுதச் சொல்லுங்க, ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு டோட்டலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு வாரம் ஒத்துப்போச்சுன்னா மூணாவது மண்டிக்குப் போங்க.