இன்னொரு பெருந்தொற்று வந்தால் பள்ளிகளைப் பாதுகாப்பாகத் திறந்து நடத்த முடியுமா? முதலில் செய்ய வேண்டியது என்ன?

முடியும் என்பதுதான் என் பதில். கொரோனா பெருந்தொற்றால் மூடப்பட்டிருந்த 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் மீண்டும் தொடங்கியபோது, காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியராக இருந்தேன். அன்று எவற்றையெல்லாம் சரியாகச் செய்தோம், எவற்றில் தவறினோம் என்பதை வைத்தே இதை எழுதுகிறேன்.

திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் முழுவதும் கிருமிநாசினி தெளிப்பதிலும், தரையில் சுண்ணாம்பால் வட்டம் போடுவதிலும், கைகழுவும் இடத்தைச் சீராக்குவதிலும், காய்ச்சல் பார்க்கும் கருவியைச் சரிபார்ப்பதிலுமே கழிந்தன. சோப்பும் தண்ணீரும் எந்தக் காலத்திலும் பள்ளியில் இருக்க வேண்டியவைதாம். அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் நோய் முக்கியமாக எந்த வழியில் பரவுகிறது என்பது அதற்குள் தெளிவாகிவிட்டிருந்தது. நெருக்கத்தில் தெறிக்கும் சளித்துளி மட்டுமன்றி, மூடிய அறையின் காற்றில் தங்கியிருக்கும் நுண்துளிகளாலும் தொற்று பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 ஏப்ரல் இறுதியில் தன் விளக்கத்திலேயே சேர்த்துவிட்டது. தொட்ட பொருளின் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அதே மாதம் கூறியிருந்தது. அப்படியிருந்தும் பெஞ்சைத் துடைக்க ஆள் வைத்த நாங்கள், அறையின் காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எங்கள் இரண்டாம் வகுப்பு அறையில் நான்கு சன்னல்கள் உண்டு. அவற்றில் இரண்டை இரும்பு பீரோக்கள் முழுமையாக மறைத்திருந்தன. ஒன்றில் பழைய பதிவேடுகளும், மற்றொன்றில் விலையில்லாப் பாடநூல்களின் மீதிக் கட்டுகளும் இருந்தன. மூன்றாவது சன்னலின் கொக்கி துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, இருபது குழந்தைகள் அமரும் அறைக்குக் காற்று வர ஒரு கதவும் ஒரு சன்னலும் மட்டுமே இருந்தன, அவையும் ஒரே பக்கச் சுவரில். திறப்பதற்கு மூன்று நாட்களுக்கு முன், எங்கள் உதவி ஆசிரியை ஆசிரியர் மேசையில் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. புகை வெளியே செல்லவில்லை. அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. சிறிது நேரத்தில் கடைசி பெஞ்சு வரை வாசனை நிறைந்துவிட்டது. மின்விசிறி இருக்கும் காற்றையே கலக்கிக் கொடுக்கிறதே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதை அன்றுதான் நான் கண்ணால் கண்டேன். மறுநாள் ஊர் இளைஞர்கள் நான்கு பேர் பீரோக்களை நகர்த்திக் கொடுத்தார்கள். தச்சர் ஒருவர் வந்து கொக்கியை மாற்றினார். மீண்டும் ஊதுவத்தி வைத்தபோது புகை எதிர்ச்சுவர்ச் சன்னலை நோக்கி நேராகச் சென்றது. இந்த வேலைக்கு ஆன செலவு, கிருமிநாசினிக்கு ஆன செலவில் கால் பங்குகூட இல்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்டால், ஒவ்வொரு வகுப்பறையிலும் எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருக்கிறதா, அந்தத் திறப்பு உண்மையில் திறக்கிறதா என்று பார்ப்பதே என்பேன். வசதியுள்ள பள்ளிகள் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைக்கலாம். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 400 பங்கு அளவில் இருக்கும். அறைக்குள் 1000 பங்கைத் தாண்டினால், மற்றவர் விட்ட மூச்சையே குழந்தைகள் மீண்டும் இழுக்கிறார்கள் என்று பொருள். நகரங்களில் ஏசி வகுப்பறை கொண்ட பள்ளிகளுக்கு இது இன்னும் அவசியம். ஜெருசலேத்தில் 2020 மே மாதம் ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்ட சில நாட்களிலேயே கடும் வெப்ப அலை வீசியதால் மாணவர்களுக்கு முகக்கவசத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வகுப்புக்கு 35 பேருக்கு மேல் இருந்த அறைகளில் நாள் முழுவதும் ஏசி ஓடியது. கடைசியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. நெரிசல், அடைத்த அறை, கழற்றிய முகக்கவசம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன.

சன்னல் மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 2021 மே மாதம் நடந்தது எனக்குப் பெரிய பாடம். தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர், மூக்கடைப்பும் சோர்வும் இருந்தும் ஒவ்வாமை என்று எண்ணி இரண்டு நாள் வகுப்புக்கு வந்தார். குழந்தைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதற்காக அவ்வப்போது முகக்கவசத்தைக் கழற்றினார். கதவும் சன்னல்களும் திறந்திருந்தன, காற்று வடிகட்டும் கருவியும் இருந்தது, மேசைகளும் ஆறடி தள்ளியே இருந்தன. ஆயினும் வகுப்பின் 24 பேரில் 12 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. முன்னிரு வரிசைகளில் இருந்த 10 பேரில் 8 பேரும், பின்வரிசைகளில் இருந்த 14 பேரில் 4 பேரும் பாதிக்கப்பட்டனர். உரத்த குரலில் பேசுவதே தொழிலாகக் கொண்ட நாம், உடல்நலமில்லாத நாளில் வகுப்புக்குள் நுழையக் கூடாது. எத்தனை சன்னல்கள் இருந்தாலும் முன்வரிசைக் குழந்தைக்கு நாம்தான் மிக அருகில் நிற்கிறோம்.

இதைச் சொல்வது எளிது, கடைப்பிடிப்பது கடினம். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்புகளையும் மற்றவர் ஒருவரே பார்க்க வேண்டும். அதனால்தான் இருமலோடும் பலர் வந்துவிடுகிறார்கள். மாற்று ஆசிரியருக்கு ஏற்பாடு செய்யாமல் "காய்ச்சல் இருந்தால் வராதீர்கள்" என்று சுற்றறிக்கை அனுப்புவதால் பயன் இல்லை. அடுத்த முறை அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டிய இனங்களில் இதுவும் ஒன்று என்பது என் உறுதியான கருத்து.

பள்ளி என்றால் ஆசிரியர்கள் மட்டும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2021 செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு முன் ஆசிரியர்கள் அனைவருக்கும் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று ஒன்றிய அரசு கூடுதலாக 2 கோடித் தவணைகளை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அது நல்ல முடிவு. எங்கள் பள்ளியிலும் ஆசிரியர்கள் மூவரும் இரண்டு தவணைகளையும் முடித்திருந்தோம். ஆனால் சமையலர் அம்மாவும், தூய்மைப் பணி செய்யும் அம்மாவும், பக்கத்து ஊர்க் குழந்தைகளை ஏற்றி வரும் ஆட்டோக்காரரும் ஒரு தவணைகூடப் போட்டிருக்கவில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு முகாமுக்குப் போக அவர்களால் இயலவில்லை. போட்டுக்கொண்டால் மறுநாள் காய்ச்சல் வரும் என்ற அச்சமும் இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, மாலை வேளையில் பள்ளி வளாகத்திலேயே ஒரு முகாம் நடத்திய பிறகுதான் அவர்கள் வந்தார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடுப்பூசியே இல்லாத அந்த நேரத்தில், அவர்களைச் சுற்றியிருந்த பெரியவர்களின் தடுப்பூசிதான் அவர்களுக்கு வேலியாக இருந்தது.

காய்ச்சல் கருவி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு முன்பே ஒருவரிடமிருந்து நோய் பரவத் தொடங்கிவிடும்; குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்து நாங்கள் கண்டுபிடித்தது மிகக் குறைவு. வீட்டில் யாருக்காவது உடல்நலம் சரியில்லை என்று தாய் தயங்காமல் வந்து சொல்லும் சூழல்தான் உண்மையில் பயன் தந்தது. அந்தச் சூழல் தானாக அமையவில்லை. தொற்று வந்த வீட்டின் வாசலில் தகரம் அடித்து மூடிய 2020ஆம் ஆண்டின் காட்சிகளைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்திருந்தது. சொன்னால் தெருவே ஒதுக்கிவைக்கும் என்று அஞ்சினார்கள். பெற்றோர் கூட்டத்தில், சொல்பவரின் பெயர் வெளியே வராது, அந்த வீட்டுக் குழந்தைக்கு வருகையில் குறை வராது, சத்துணவுக்கு ஈடான அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்கே வந்து சேரும் என்று மூன்று வாக்குறுதிகள் கொடுத்தோம். மூன்றாவதற்கு நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டி, "மருமவளுக்கு மேலுக்கு முடியல டீச்சர், பிள்ளைய ஒரு வாரம் அனுப்பல" என்று கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடித்திருக்காது.

எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது மதிய உணவு வேளை. எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு எதிரெதிரே அமர்ந்து பேசிக்கொண்டே சாப்பிடும் அந்த அரை மணி நேரம்தான் நாளிலேயே ஆபத்து மிகுந்தது. வேப்பமரத்தடியில் பகுதி பகுதியாக உணவு பரிமாறுவது என்று திட்டமிட்டிருந்தோம். ஆனால் அந்த நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. பள்ளி நடந்த நாட்களைவிட மழை விடுமுறை நாட்கள் அதிகமோ என்று தோன்றும் அளவுக்குப் பெய்தது. மரத்தடி சேறாகிவிட்டதால் தாழ்வாரத்தில் ஒரே வரிசையில், எல்லாரும் மழையைப் பார்த்தபடி, சுவரில் முதுகு சாய்த்து உட்கார வைத்தோம். ஒருவர் முகம் ஒருவருக்கு நேரே வரவில்லை. சாரல் காலில் பட்டதில் குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான். சாரலுக்குப் பயந்து வகுப்பறைச் சன்னல்களைச் சாத்த நேர்ந்த நாட்களில் பாடத்தையும் அதே தாழ்வாரத்துக்கு மாற்றினோம். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் சுவர் இல்லாமலே நெடுங்காலம் பாடம் நடந்திருக்கிறது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில், 1904இல் பெர்லினை அடுத்த சார்லொட்டன்பர்க்கில் நலிந்த குழந்தைகளுக்காகத் திறந்தவெளிப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்கு நல்ல தாழ்வாரமும் நிழலும் கட்டித் தருவதை ஆடம்பரமாகக் கருதக் கூடாது.

இனி, யாரை முதலில் அழைப்பது என்ற கேள்வி. இதில்தான் நாம் பெரிய தவறு செய்தோம் என்று நினைக்கிறேன். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று பள்ளிகளைத் திறந்தபோது சின்னஞ்சிறு குழந்தைகளையே முதலில் வரவழைத்தது. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை வெளியிலேயே வைத்திருந்தது. 2021 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரும், சிறுவர்கள் இந்நோயைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிப்பதால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது அறிவுடைமை என்று வெளிப்படையாகவே கூறினார். அப்போதைய இரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, பள்ளிக்கே போகாத நிலையிலும், தொற்று ஏற்கெனவே வந்துபோனதற்கான அடையாளம் இருந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள், பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகள், இரண்டாம் அலைக்குப் பின் செப்டம்பர் 1 அன்று மீண்டும் 9 முதல் 12 வரை என்று பொதுத் தேர்வை ஒட்டிய வகுப்புகளே ஒவ்வொரு முறையும் முன்னால் வந்தன. திரையரங்குகள் ஆகஸ்ட் 23 அன்று பாதி இருக்கைகளோடு திறந்துவிட்டன. 2020 மார்ச் நடுவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 வரை, பத்தொன்பது மாதங்களுக்கும் மேல், மூடியே இருந்தன. தேர்வு எழுதும் மாணவர் ஓரளவாவது தானே படித்துக்கொள்வார். எழுத்தே அறியாத ஆறு வயதுக் குழந்தைக்குக் கைப்பேசியில் என்ன பாடம் நடத்த முடியும்?

எங்கள் இரண்டாம் வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் முதல் வகுப்பையே காணாதவர்கள். வரிசையில் நிற்பது, பென்சில் பிடிப்பது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது என எதுவும் பழகியிருக்கவில்லை. ஒரு சிறுமி பதினோரு நாட்கள் வாயே திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், முகக்கவசத்துக்குள்ளிருந்து மெல்லிய குரலில் "டீச்சர், தண்ணி" என்றாள். 2021 ஆகஸ்டில் பதினைந்து மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் ஏழை எளிய குடும்பங்களிடையே நடந்த ஓர் ஆய்வு, கிராமப்புறக் குழந்தைகளில் 8 விழுக்காட்டினர் மட்டுமே இணைய வழியில் ஒழுங்காகப் படித்தனர், 37 விழுக்காட்டினர் படிக்கவே இல்லை என்று கண்டது. அந்த 37 விழுக்காட்டினர் எங்கள் வகுப்பறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அக்டோபர் இறுதியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலராக எங்கள் ஊர்ப் பட்டதாரிப் பெண் ஒருவர் மாலையில் சொல்லிக்கொடுத்தது பெரிய துணையாக இருந்தது. ஆனால் அது பள்ளி திறப்பதோடு சேர்ந்து வராமல், ஓராண்டு முன்னரே தெருத்தெருவாகத் திறந்தவெளியில் தொடங்கியிருக்க வேண்டிய ஒன்று.

2022 ஜனவரியில் கொரோனாவின் ஒமைக்ரான் வகை பரவியபோது மீண்டும் மூடினோம். பிப்ரவரி 1 அன்று திறந்தோம். எங்கள் சமையலர் அம்மாவுக்கும் குழந்தைகள் இருவருக்கும் தொற்று வந்து, மருத்துவமனைக்குப் போகாமலே குணமானது. தொற்று வந்தால் அந்த வகுப்பை மட்டும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு மற்றவற்றை நடத்தலாம் என்ற அதிகாரம் பள்ளிக்கும் வட்டார மருத்துவ அலுவலருக்கும் சேர்த்து இருந்திருந்தால், அந்த மாதத்தை நாங்கள் இழந்திருக்க மாட்டோம். மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் பூட்டு, ஒரே நாளில் சாவி என்பது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கலாம்; ஆனால் தொற்று எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் ஏறி இறங்குவதில்லை.

பிப்ரவரியில் திறந்தபோது வருகைப் பதிவேட்டில் நான்கு பெயர்கள் குறைந்தன. வீடு வீடாகப் போனதில் மூவர் திரும்பி வந்தார்கள். நான்காவது சிறுவனின் குடும்பம் செங்கல் சூளை வேலைக்கு வேறு மாவட்டம் போய்விட்டது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அந்த ஊரின் பள்ளித் தலைமை ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் பேசி, மாற்றுச் சான்றிதழ் இல்லாமலே அவனைச் சேர்த்துக்கொள்ளச் செய்ய எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின.