வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: கொழும்புத் துறைமுக நகரத்தில் சீனப் பொறியியலாளர்களின் கைவண்ணத்தைக் காண்கிறோம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சீனர்கள் மேலைத்தேயக் கல்வியையும் புகையிரதத்தையும் வெறுத்து ஒதுக்கினார்கள் என்று படித்திருக்கிறேன். அது சரிதானா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அந்நிய அறிவு என்பதற்காகவே சீனர் அதனை விலக்கினர் என்று கொள்வதற்கில்லை. 1607ஆம் ஆண்டிலேயே ஷூ குவாங்சி என்னும் அறிஞர், இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியுடன் சேர்ந்து யூக்ளிட்டின் வடிவகணித நூலின் முதல் ஆறு பாகங்களைச் சீன மொழியில் தந்தார். பின்னாளில் அவர் பேரரசின் உயர் பதவிகளையும் வகித்தார்.

நிலைமையைக் கசப்பாக்கியவை, 19ஆம் நூற்றாண்டில் மேலை நாடுகள் சீனாவுடன் நடத்திய அபினிப் போர்களே. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) வரை முன்னேறி, அரச கோடை மாளிகையைச் சூறையாடின. பின்னர் அது தீக்கிரையாக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதே நகரில், மொழிபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவிக்கத் தொங்வென் குவான் என்னும் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கே வானியலும் கணிதமும் கற்பிக்கப்பட வேண்டும் என்று இளவரசர் கோங் முனைந்தபோது, 1867இல் வோரென் என்ற மூத்த அமைச்சர் கடுமையாக எதிர்த்தார். நாட்டைத் தாங்குவது ஒழுக்கமும் மக்களின் மனவுறுதியுமேயன்றித் தொழில்நுட்பம் அன்று என்பதும், தலைநகரைத் தாக்கியவர்களையே ஆசான்களாக ஏற்பது இழிவு என்பதும் அவருடைய வாதம். அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. தோல்வியின் காயம் ஆறாத ஒரு தலைமுறையின் குரல் அது.

அரசவையில் வென்றவர் இளவரசரே. ஆயினும் தகுதிவாய்ந்த மாணவர்கள் போதிய அளவில் முன்வரவில்லை. காரணம் எளியது: அரச உத்தியோகத்துக்கான ராஜபாட்டை கன்பூசிய நூல்களை அடிப்படையாகக் கொண்ட தேர்வாகவே இருந்தது. கணிதம் கற்றவனுக்குப் பதவியும் இல்லை, ஊரில் மதிப்பும் இல்லை என்றால், எந்தத் தந்தைதான் தன் பிள்ளையை அங்கே அனுப்புவார்? அந்தத் தேர்வுமுறை 1905இல்தான் ஒழிக்கப்பட்டது. என் கருத்தில், முன்னேற்றத்தைத் தடுத்தவற்றுள் மன வெறுப்பைவிட இதற்கே பங்கு அதிகம்.

புகையிரதத்தைப் பொறுத்தவரை, ஷங்ஹாய்க்கும் வூசொங்குக்கும் இடையே 1876இல் ஓடிய பாதையை அரசு விலைகொடுத்து வாங்கி, மறு ஆண்டே பிடுங்கியெறிந்தது உண்மையே. ஆனால் அதனை அந்நிய வணிகர்கள் உரிய அனுமதியின்றி அமைத்திருந்தனர் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: அக்காலத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சீனச் சிறுவர்கள் என்னவானார்கள்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற சீனரான யுங் விங்கின் முயற்சியால், 1872 முதல் 120 சிறுவர்கள் அனுப்பப்பட்டனர். அவர்கள் அமெரிக்கர்களாகவே மாறிவிடுவார்கள் என்ற அச்சம் ஒருபுறமும், அமெரிக்க இராணுவ, கடற்படைக் கல்லூரிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தமை மறுபுறமுமாக, 1881இல் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது பட்டம் பெற்றிருந்தோர் மிகச் சிலரே. அக்காலச் சீன அரசு எடுத்த முடிவுகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். அந்தச் சிலருள் ஒருவரான ஜான் தியான்யோ, பீக்கிங்கையும் ஜாங்ஜியாகோவையும் இணைக்கும் மலைப்பாதைப் புகையிரத வழியைச் சீனரின் பணத்தையும் உழைப்பையும் கொண்டே அமைத்து, 1909இல் நிறைவேற்றினார்.