காட்டை அடமானம் வைக்காதீர்கள், அம்மா

ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து, மகனை எதில் சேர்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார் அந்த அம்மா. மகன் பிளஸ் டூ பாஸ், மார்க் குறைவு. "காட்டை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினீயரிங் சேர்த்துவிடு" என்று பையனின் பெரியப்பா நெருக்குகிறாராம்.

அம்மா, உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அடமானம் வேண்டாம். நான்கு வருட ஃபீஸுக்கு வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்கள். உங்கள் மகனுக்கும் அதில் ஆசையில்லை. அப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்டில் காபிப் பழம் உரிக்கும் பல்ப்பர் நின்றபோது, மோட்டார் காயில் கருகிவிட்டதை வாடையிலேயே சொன்னவன் அவன். நீங்கள்தானே சொன்னீர்கள்?

அவனுக்கு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன்தான் சரி. பத்தாவது தேறினால் போதும், இரண்டு வருடம். வசதியில்லாத பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவ சபைகள் ஹாஸ்டலோடு நடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களை நம்மவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இது நேற்று வந்த வேலை இல்லை. இத்தாலியில் டான் போஸ்கோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தொழில் பழக அனுப்பிய பையன்களுக்காக 1850-களிலேயே பட்டறைக்காரர்களிடம் எழுதி வாங்கினார்: பையனை அடிக்கக் கூடாது, பண்டிகைக்கு லீவு விட வேண்டும். அவருடைய சலேசிய சபையினர் 1906-லேயே தஞ்சாவூருக்கு வந்துவிட்டார்கள்.

நல்ல பட்டறையில் பையன் கையாலேயே வேலை கற்பான். எரிந்த மோட்டாரைப் பிரித்து, சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பர் வைத்து, புதுக் காயிலை இறக்கி, வார்னிஷ் காயவைத்து, கரன்ட் கசிகிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்ப்பான். ரீடிங் சரியில்லையா, மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

"மதம் மாற்றிவிடுவார்களோ" என்று தயங்கினீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில், மைனர் பிள்ளையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அது. பிரார்த்தனை நேரத்தில் இவன் என்ன செய்யலாம் என்று சேர்க்கும்போதே நேராகக் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த டிரேடுக்கு, அதாவது தொழிற்பிரிவுக்கு, மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (பேச்சில் என்.சி.வி.டி. என்பார்கள்) இருக்க வேண்டும். ஹாஸ்டல், சாப்பாடு, பரீட்சை ஃபீஸ் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எழுத்தில் வர வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அது எந்தச் சாமி பேரில் நடந்தாலும் சரி. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்பதால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம்.

முடித்ததும் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் போகலாம். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். அங்கிருந்து இன்ஜினீயரிங்குக்கும் வழி உண்டு.

முதலில் தம்பியைக் கூட்டிப்போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். ஹாஸ்டலா, வீட்டிலிருந்து பஸ்ஸா என்பதை அவனே சொல்லட்டும். பத்தாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் கையோடு இருக்கட்டும்.