வாசகர் கேள்வி – பதில்: பெல்ட்டில் வெடிப்பே இல்லை, ஆனாலும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பிக்கப் வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினின் முன்பக்கத்தில் கீச்சென்ற சத்தம் எழுந்து, சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. எஞ்சினின் முன்னால் ஆல்டர்னேட்டர் முதலியவற்றைச் சுழற்றும் பெல்ட்டில் வெடிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அது தேய்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். அதை நானே மாற்ற முடியுமா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கக்கூடும். வெடிப்பை வைத்துப் பெல்ட்டின் ஆயுளைக் கணிக்கும் பழக்கம், நியோபிரீன் ரப்பரால் பெல்ட் செய்யப்பட்ட காலத்தில் வந்தது. இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. அவை எளிதில் வெடிப்பதில்லை, டயரைப் போல மெல்ல மெல்லத் தேய்கின்றன. தேயத் தேய பெல்ட்டின் வரிப்பள்ளங்கள் அகன்று, புல்லியில், அதாவது பெல்ட் சுற்றி ஓடும் சக்கரத்தில், அது கவ்விப் பிடிக்கும் பிடிப்பு குறைகிறது. ஸ்டார்ட் செய்த உடனே, இழந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கும் என்பதால், பிடிப்பு குறைந்த பெல்ட் அந்த நேரத்தில்தான் வழுக்கிக் கீச்சிடும்.

ஆனால் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரின் வில்லும் அதே தூரம் உழைத்துக் களைத்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது டென்ஷனரின் கை படபடவென அதிர்ந்தால், புதிய பெல்ட்டும் விரைவில் சத்தமிடும். ஓடும் பெல்ட்டின் வரிப்பக்கத்தில், உங்கள் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: சத்தம் அதிகமானால் இறுக்கம் போதவில்லை; சற்று நேரம் நின்று மீண்டும் வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை.

மாற்றுவது கடினமன்று, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட் எந்தெந்தப் புல்லியை எப்படிச் சுற்றிச் செல்கிறது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் பானட்டின் அடியில் இதற்கான வரைபடம் ஒட்டப்பட்டிருந்தாலும், அழுக்கேறி அது படிக்க முடியாமல் போயிருப்பதே வழக்கம். நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பி, எட்டும் இடத்திலுள்ள ஒரு புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவவிட்டு, டென்ஷனரை மெதுவாகத் திரும்ப விடுங்கள். சட்டென்று விட்டால் உள்ளிருக்கும் வில் கெட்டுவிடும். டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டப்படும் பெல்ட் சில எஞ்சின்களில் உண்டு. அதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பதால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பெல்ட் கழன்று கிடக்கும் அந்த நேரம் அரிய வாய்ப்பு. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ அதன் பேரிங் போய்விட்டது. எண்ணெயோ கூலன்டோ கசிந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், ஏனெனில் எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பிவிடும்.

புதிய பெல்ட்டின் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். 6பிகே2100 என்றால் 6 வரிகள், 2,100 மில்லிமீட்டர் நீளம். மாட்டும்போது வரிப்பக்கம் வரியுள்ள புல்லியிலும், வழவழப்பான முதுகு வழவழப்பான புல்லியிலும் அமைய வேண்டும். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலும் பெல்ட்டின் ஓரம் பிய்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு புல்லியிலும் விரலால் தடவி உறுதி செய்த பிறகே பேட்டரியை இணையுங்கள். சில நிமிடம் ஓட்டி, எஞ்சினை அணைத்து, மறுபடியும் பாருங்கள்.

கேள்வி: ஓடும்போது பெல்ட் அறுந்துவிட்டால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாமா?

பதில்: வேண்டாம். பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பையும் இந்தப் பெல்ட்டே சுழற்றுகிறது. அது நின்றால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் கொதித்து, எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வரை பாழாகும். ஸ்டியரிங்கும் திடீரெனக் கனத்துவிடலாம். வெப்பமுள் ஏறட்டும் என்று காத்திராமல், ஆல்டர்னேட்டர் நின்றதைக் காட்டும் பேட்டரி விளக்கு எரிந்த உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.