பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: ஆளை வேலைக்கு வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. ஜன்னல் கிடையாது, கண்ணாடிப் பட்டைகள் செருகிய சின்ன வென்டிலேட்டர் ஒன்றுதான். குளித்த பிறகு ஈரம் காயவே மாட்டேன் என்கிறது. ஷவருக்கு மேல் சீலிங்கில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒருவர், "வென்டிலேட்டரில் இரண்டு கண்ணாடியை எடுத்துவிட்டு மாட்டிவிடலாம், அரை மணி நேர வேலை" என்கிறார். இன்னொருவர், ஃபால்ஸ் சீலிங்கில் ஃபேன் வைத்து, குழாய் இழுத்து, வெளிச்சுவரில் ஓட்டை போட வேண்டும், ஒரு நாள் ஆகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வேலை சரியாக நடந்ததா என்று விவரம் தெரியாத நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக அமையலாம், இரண்டும் கோளாறாகவும் முடியலாம். ஃபேன் எங்கே உட்காருகிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் முக்கியம். விலை சொல்வதற்கு முன் அவர் என்னென்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். கதவைச் சாத்திப் பார்க்கிறாரா, வென்டிலேட்டருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்கிறாரா, சுவரைத் தட்டிப் பார்க்கிறாரா, மின் இணைப்பு எங்கிருந்து எடுப்பது என்று தேடுகிறாரா? இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தொகை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்கலாம். வாசலில் நின்றபடியே தொகை சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால், அந்தக் கறுப்புப் புள்ளிகளை ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஷவரைச் சுற்றி, மூலைகளில், பொடிப் பொடியாகப் பரவியிருந்தால் அது நீராவியால் வந்த பூஞ்சை. அதற்கு ஃபேன் உதவும். ஒரே இடத்தில் பழுப்பு வளையம் போட்டிருந்தால், பெயிண்ட் உப்பி உரிந்தால், மேலே ஏதோ குழாயோ தளமோ கசிகிறது என்று அர்த்தம். எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அது தீராது. கசிவை அடைத்துவிட்டு அப்புறம் ஃபேனைப் பற்றி யோசியுங்கள். பூஞ்சையே என்றாலும், ஏற்கெனவே வந்ததை ஃபேன் அழிக்காது. சுத்தம் செய்துவிட வேண்டும், மறுபடி வராமல் தடுப்பதுதான் ஃபேனின் வேலை.

இப்போது அந்த அரை மணி நேரத் திட்டத்துக்கு வருவோம். வென்டிலேட்டரில் ஃபேன் மாட்டுவதில் தவறே இல்லை. காற்று நேராக வெளியே போகிறது, குழாய் தேவையில்லை, பின்னாளில் துடைப்பதும் சுலபம். சிக்கல் மிச்சமிருக்கும் கண்ணாடிப் பட்டைகளில்தான். இரண்டு பட்டையை எடுத்து ஃபேனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மற்ற பட்டைகளைத் திறந்தபடி விட்டால் என்ன ஆகும்? காற்று எப்போதும் பக்கத்தில் இருக்கும் சுலபமான வழியைத்தான் பிடிக்கும். பட்டைகளின் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்து, அரை அடி தள்ளியிருக்கும் ஃபேன் வழியாக அப்படியே திரும்ப வெளியே போய்விடும். ஃபேன் முழு வேகத்தில் சத்தத்தோடு சுற்றும், ஷவர் பக்கத்து ஈரக்காற்று அசையாமல் நின்றபடி நிற்கும். "ஃபேன் போட்டும் பிரயோஜனமே இல்லை" என்று சொல்லப்படும் பல வீடுகளில் இதுதான் கதை. ஆகவே ஃபேன் போக மீதி இடத்தை அக்ரிலிக் பலகையாலோ கண்ணாடியாலோ முழுக்க அடைத்துத் தர வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால், உங்கள் பாத்ரூமுக்கு அந்த அரை மணி நேர யோசனையே போதுமானதாக இருக்கலாம்.

வென்டிலேட்டர் எங்கே திறக்கிறது என்பதையும் பாருங்கள். வெட்டவெளி என்றால் நல்லது. பல வீடுகளுக்குப் பொதுவான ஷாஃப்ட் என்றால், அது மேலே வானத்துக்குத் திறந்திருக்க வேண்டும். உங்கள் ஃபேனின் வாய் எதிர் வீட்டு வென்டிலேட்டருக்கு நேராக இருக்கவும் கூடாது. ஃபேன் ஓடாத நேரத்தில் அங்கிருந்து வாடை உங்கள் வீட்டுக்குள் திரும்பி வராமல் இருக்க, தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் உள்ள ஃபேனாகக் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் வெளிச்சுவரில் கை வைக்கும் முன் குடியிருப்போர் சங்கத்திடமோ உரிமையாளரிடமோ கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாமவர் சொல்லும் முறை, வென்டிலேட்டர் ஷவரிலிருந்து தள்ளியோ கதவுக்குப் பக்கத்திலோ இருந்தால்தான் உண்மையில் தேவைப்படும். ஃபேன் ஷவருக்குக் கிட்டத்தில், உயரத்தில், கதவிலிருந்து எட்ட இருக்க வேண்டும். அப்போதுதான் கதவடியில் நுழையும் காற்று முழு அறையையும் கடந்து ஈரத்தைக் கூட்டிக்கொண்டு போகும். இந்த வேலையில் நீங்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போகும் குழாயை. அது மூடிய பிறகு யாருக்கும் தெரியாது, அதனால்தான் அங்கேயே பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, குழாயை வெளியே கொண்டுபோகாமல் ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளேயே விட்டுவிடுவது. பாத்ரூமில் இருந்த ஈரம் சீலிங்குக்கு மேல் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கம்பி துருப்பிடிக்கும், பலகை ஊறும். இரண்டாவது தவறு, மடிப்பு மடிப்பாக வளையும் மெல்லிய குழாயை நீளமாக விட்டு, நடுவில் தொய்ய விடுவது. சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் போகும்போது தண்ணீராக மாறும். தொய்ந்த இடத்தில் அந்தத் தண்ணீர் தேங்கும். தேங்கத் தேங்கக் காற்றுப் பாதை குறுகும். ஒரு நாள் அது ஃபேன் பக்கமாகத் திரும்பி, தூசியைக் கரைத்துக்கொண்டு பழுப்பாகச் சொட்டும். வீட்டில் இருப்பவர்கள் மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகுகிறது என்று போய்ச் சண்டை போடுவார்கள். இதைத் தவிர்க்க, வழவழப்பான பி.வி.சி. குழாயோ தகரக் குழாயோ போட்டு, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, முடிந்தவரை நேராகவும் குட்டையாகவும் கொண்டுபோக வேண்டும். வளையும் குழாய்தான் போட வேண்டுமென்றால் தேவையான நீளத்துக்கு வெட்டி, இழுத்து விறைப்பாக மாட்ட வேண்டும். ஃபேனின் வாய் 4 அங்குலம் என்றால் குழாயும் 4 அங்குலம், கையில் 3 அங்குலம்தான் இருக்கிறது என்று குறைக்கக் கூடாது. சீலிங்கை மூடும் முன் குழாயை நான்கைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

குழாய் வைத்த ஃபேனுக்கு இன்னொரு விஷயம். சுவரில் மாட்டும் சாதாரண இறக்கை ஃபேன் திறந்தவெளியில் காற்றைத் தள்ளுவதற்கானது. நீளமான குழாய்க்குள் தள்ளும் அழுத்தம் அதற்குக் கிடையாது. குழாய் நாலைந்து அடியைத் தாண்டினாலோ இரண்டு மூன்று வளைவு இருந்தாலோ, காற்றை அழுத்தத்தோடு தள்ளும் சென்ட்ரிஃபியூகல் வகை அல்லது குழாய்க்கு நடுவில் பொருத்தும் இன்லைன் வகை ஃபேன் வேண்டும். கடையில் கேட்கும்போதே குழாயின் நீளத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. மணிக்கு 8 தடவை அறையின் காற்று முழுதும் மாற வேண்டும் என்பது குளியலறைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் பாத்ரூம் 40 சதுர அடி, உயரம் 8 அடி என்று வைத்தால் 320 கன அடி. அதை 8 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 43 கன அடி. நிமிடத்துக்கு ஒரு கன அடி என்பதைத்தான் சி.எஃப்.எம். என்கிறார்கள், ஆகக் கிட்டத்தட்ட சதுர அடிக்கு ஒரு சி.எஃப்.எம். ஆனால் எவ்வளவு சின்ன பாத்ரூமாக இருந்தாலும் 50-க்குக் கீழே போக வேண்டாம். பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் அதை 1.7 ஆல் வகுங்கள், சி.எஃப்.எம். வந்துவிடும். அந்த எண் பெரும்பாலும் தடையே இல்லாத இடத்தில் அளந்தது. குழாய், ஷட்டர், வலை எல்லாம் சேர்ந்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எனவே குழாய் இருந்தால் 80 சி.எஃப்.எம். அளவில் வாங்குவது நல்லது. ரொம்பப் பெரிதாக வாங்குவதும் வீண், சத்தம்தான் கூடும். சத்தம் கூடினால் வீட்டில் யாரும் போட மாட்டார்கள்.

வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவு தரையோடு இறுக்கமாகப் பொருந்தி, ரப்பர் பட்டையும் ஒட்டியிருந்தால், ஃபேன் சுற்றுமே தவிர காற்றை இழுக்காது. கதவுக்கு அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி வேண்டும், அல்லது கதவின் கீழ்ப்பாகத்தில் காற்றுப் பட்டை இருக்க வேண்டும். இதை உங்களிடம் கேட்காத ஆள் வேலையில் பாதியைத்தான் யோசித்திருக்கிறார்.

பாத்ரூமில் எரிவாயு கீசர் இருந்தால் இதை இரண்டு தடவை படியுங்கள். அறைக்குள் இருக்கும் காற்றை எடுத்து எரியும் கீசரோடு எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடினால், புகைக்குழாய் வழியாக மேலே போக வேண்டிய வாயுவை ஃபேன் திரும்ப அறைக்குள் இழுத்துவிடலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமோ வாடையோ கிடையாது, மயக்கி ஆளையே கொன்றுவிடும். புகைக்குழாயே இல்லாத கீசர் குளிக்கும் அறைக்குள் இருக்கவே கூடாது, ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள், பிறகு ஃபேன்.

மின்சார வேலைக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஈரக் கையும் வெறுங்காலும் இருக்கும் அறை அது. பன்னாட்டு மின் தரவிதி ஐ.இ.சி. 60364-7-701 குளியலறைக்காகவே எழுதப்பட்டது. ஷவர் பகுதியில் 2.25 மீட்டர் உயரம் வரையும், அதையொட்டி 60 சென்டிமீட்டர் தூரத்திலும் வைக்கும் கருவிகள் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 தரமாவது பெற்றிருக்க வேண்டும் என்கிறது அது. ஃபேனின் பெட்டியிலோ உடம்பிலோ அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இணைப்பு, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்சுக்குக் கீழே வர வேண்டும். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். எர்த் கேட்கும் ஃபேன் என்றால் எர்த் கம்பி கட்டாயம். வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவது இங்கே ஆகவே ஆகாது, மூடிய பெட்டிக்குள் கனெக்டர் போட்டே இணைக்க வேண்டும்.

ஆள் எப்படிப்பட்டவர் என்பது வேலையைத் தொடங்கும் முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரியும். மெயின் போர்டில் எம்.சி.பி. என்ற பிரேக்கர் ஸ்விட்சை இறக்கிவிட்டு, மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் கை மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் வேறொரு இடத்தில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு தான் கை வைக்கப்போகும் வயரில் வைத்துப் பார்ப்பார். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு வயரைச் சீவ ஆரம்பித்தால், நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாதீர்கள்.

ஓட்டை போடும் வேலை எலக்ட்ரீஷியனுடையதா, கொத்தனாருடையதா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பெரும்பாலும் தகராறு வருவது இங்கேதான். இவர் ஃபேனை மாட்டிவிட்டுப் போய்விடுவார், உடைந்த டைல்ஸுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உளியும் சுத்தியலும் வைத்து உடைப்பதைவிட கோர் கட்டிங் மெஷினில் வட்டமாக வெட்டுவது நல்லது, டைல்ஸ் விரியாது. பீம், தூண், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் போகும் கான்கிரீட் பட்டை) எதையும் தொடக் கூடாது. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் வயரும் எங்கே என்று பார்த்துவிட்டே மெஷினை வைக்க வேண்டும். ஓட்டை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. வெளிவாயில் மழைமூடியும், பறவை நுழைய முடியாத, ஆனால் கண் ரொம்பப் பொடியாக இல்லாத வலையும் போதும். கொசுவலை போலப் பொடிக்கண் வலை சீக்கிரமே தூசியில் அடைத்துக்கொள்ளும்.

பேசிய எல்லாவற்றையும் ஒரு தாளிலோ போன் செய்தியிலோ எழுதி வாங்குங்கள்: ஃபேனின் மாடல், ஓட்டை, குழாய், வயர், ஸ்விட்ச், விளிம்பை அடைத்துப் பூசுவது, குப்பை அள்ளுவது, ஏதாவது ஒழுகினாலோ நின்றாலோ எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார் என்பது. முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும், அவர் இருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, டிஷ்யூ பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து ஃபேனின் வாயருகே காட்டுங்கள். கையை விட்டாலும் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்து அதே தாளைக் கதவடியில் பிடியுங்கள், அது உள்ளே நோக்கி ஆட வேண்டும். வாயில் ஒட்டாமல் விழுந்தால், கதவைக் கொஞ்சம் திறந்து மறுபடி காட்டுங்கள். அப்போது ஒட்டினால் குறை கதவடி இடைவெளியில். அப்போதும் விழுந்தால் குழாயிலோ ஷட்டரிலோ அடைப்பு. வெளியே போய், ஷட்டர் முழுக்கத் திறக்கிறதா, நிறுத்தியதும் மூடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அவரையே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம். ஃபேன் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது திருகு இறுகவில்லை, அல்லது இறக்கை சட்டத்தில் உரசுகிறது. மூன்றையும் அங்கேயே சரிசெய்யலாம்.

ஃபேனுக்கு லைட்டோடு சேராத தனி ஸ்விட்ச் கேளுங்கள், முடிந்தால் டைமரோடு. சேர்த்துக் கொடுத்தால் குளித்துவிட்டு லைட்டை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும். சுவரிலும் டைல்ஸிலும் படிந்த ஈரம் காய, குளித்து முடித்த பிறகும் அது 15, 20 நிமிடம் ஓட வேண்டும்.