சார்ஜில் போட்டால் லப்டொப் 'சுர்' என்கிறதே, பழுதா?

நீங்கள் கேட்டது இது: அலுமினிய உடல் கொண்ட லப்டொப். சார்ஜர் செருகியிருக்கும்போது மணிக்கட்டு படும் இடத்தில் சுர் என்கிறது, விரலால் மெல்லத் தடவினால் ஏதோ அதிர்வது போல் இருக்கிறது. சார்ஜரைக் கழற்றினால் ஒன்றுமில்லை. லப்டொப் பழுதா, உயிருக்கு ஆபத்தா?

பெரும்பாலும் லப்டொப்பில் பழுது இருக்காது. அதற்காக "அது அப்படித்தான்" என்று விட்டுவிடவும் வேண்டாம். ஏன் என்று என் வீட்டுக் கதையைச் சொன்னால் விளங்கும்.

எங்கள் வீடு திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். லப்டொப் கனடாவிலிருந்து வந்த மச்சாள் தந்துவிட்டுப் போனது. இரவில் அதில்தான் ஒன்லைன் வகுப்பு எடுப்பேன். ஒருநாள் அம்மா தரை துடைத்த ஈரம் காயுமுன் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து கையை வைத்தேன். சுர். செருப்பைப் போட்டுக்கொண்டு தொட்டேன், இல்லை. கதிரையில் காலை மடித்து வைத்துத் தொட்டேன், இல்லை. காலைத் தரையில் ஊன்றியதும் மறுபடி எறும்பு ஊர்கிற மாதிரி. டவுணில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "போர்ட் மாத்தணும்" என்றார்கள். நல்லவேளை, அந்த மாதம் கையில் காசில்லை.

விஷயம் சார்ஜருக்குள் இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை லப்டொப்புக்கு வேண்டிய சிறிய வோல்ட்டாக மாற்றும்போது சார்ஜர் நிறைய மின் இரைச்சலை உண்டாக்கும். அது ரேடியோ, டிவி எல்லாவற்றையும் குழப்பாமலிருக்க, மெயின் பக்கத்துக்கும் (அதாவது சுவர் மின்சாரப் பக்கத்துக்கும்) லப்டொப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கெப்பாசிட்டரை வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கொள்ளளவி என்று படித்தோமே, அதுதான். ஏசி கரண்ட் அதன் வழியாகக் கொஞ்சம் கசியும். அது 2.2 நானோ ஃபரட் என்று வைத்தால், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 0.16 மில்லி அம்பியர். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர்களுக்குப் பழைய சர்வதேசத் தரம் அனுமதித்த எல்லையே 0.25 மில்லி அம்பியர்தான். கசிவைக் கண்டால் வீட்டுக் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழ 30 மில்லி அம்பியர் அளவு வேண்டும், அதனால் இதை அது கண்டுகொள்ளவே மாட்டாது. ஆனால் மணிக்கட்டு, முன்கையின் உட்பக்கம் மாதிரி தோல் மெல்லிய இடங்கள் கண்டுகொள்ளும்.

டெஸ்டரை வைத்துப் பார்த்து, பல்ப் எரிகிறது என்று பயப்படாதீர்கள். அதற்குள் இருக்கும் நியோன் பல்ப் எரிய மிகமிகச் சிறிய கரண்டே போதும். மல்ட்டிமீற்றரும் அப்படித்தான், 90, 110 என்று காட்டி நெஞ்சை அடைக்க வைக்கும். வோல்ட் பெரிதாக இருந்தாலும் பின்னால் தள்ளுவதற்கு ஆள் இல்லை.

சரி, இந்தக் கசிவு போக வேண்டிய இடம் எர்த். சுவரிலிருந்து சார்ஜர் பெட்டிக்கு வரும் தனி வயரில், பெட்டிக்குள் செருகும் முனையைப் பாருங்கள். எட்டு எழுதின மாதிரி இரண்டு துளை இருந்தால் உங்கள் சார்ஜரில் எர்த்தே இல்லை, கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும். மிக்கி மவுஸ் தலை மாதிரி மூன்று துளை என்றால் எர்த் உண்டு. ஆனால் அது சுவர் வரை போய்ச் சேர வேண்டுமே! நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வரும் பிளக்கை ஒரு மலிவான கன்வேர்ட்டரில் குத்தி, அதை மல்டி பிளக்கில் குத்துவோம். அந்தக் கன்வேர்ட்டரில் எர்த் பின் நுழைய ஓட்டை இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் துளையில் பேனை மூடியைக் குத்தித் திறந்து இரண்டு உருண்டைப் பின்னைச் செருகுகிற வித்தை தெரியாத வீடு உண்டா? அப்படிச் செருகும்போதே எர்த்துக்கு விடைகொடுத்துவிட்டோம்.

நானும் கன்வேர்ட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, மிக்கி மவுஸ் முனையும் 13 அம்பியர் பிளக்கும் உள்ள நல்ல வயர் ஒன்று வாங்கினேன். மட்டிக்களியில் சித்தி வீட்டில் செருகினேன், சுர் இல்லை. எங்கள் வீட்டில் செருகினேன், இருக்கிறது. அப்போதுதான் லப்டொப் மேல் சந்தேகம் போய் வீட்டின் மேல் வந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அம்மா வாஷிங் மெஷினைப் போட்டால் லப்டொப்பில் கடி கூடும், நிறுத்தினால் குறையும். பின்னறையில் ஓடும் மெஷினுக்கும் முன்னறை மேசைக்கும் என்ன சம்பந்தம்?

வயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "தங்கச்சி, எர்த் கம்பி எங்க புதைச்சிருக்கு?" என்றார். நம் ஊர்ப்பக்க வீடுகளில் எர்த் என்பது அவரவர் வளவில் புதைத்த கம்பிதான். கிணற்றடிக்குப் பின்னால் மூடியைத் தூக்கினோம். கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப் பச்சைப் பொடியாக உதிர்ந்திருந்தது, வயர் தனியாக நின்றது. கடற்காற்று உப்பின் வேலை. சுற்றிலும் மணல், ஆடி மாதக் கச்சான் காற்றில் மாவாகக் காய்ந்து கிடந்தது. காய்ந்த மணலில் கிளாம்ப் சரியாக இருந்திருந்தாலும் எர்த் ஒழுங்காகப் பிடித்திருக்காது என்றார்.

கம்பி விட்டுப்போனால் எர்த் இல்லை என்பதோடு முடிந்துவிடாது. வீட்டின் எல்லா எர்த் வயர்களும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்துதானே இருக்கின்றன. ஆகவே வாஷிங் மெஷினின் கசிவு, பிரிட்ஜின் கசிவு எல்லாம் தரைக்குப் போக வழியில்லாமல் அதே வயரில் சுற்றி என் லப்டொப்பின் உடலுக்கு வந்தன. நாளைக்கு மெஷினுக்குள் ஒரு வயர் உரசி அதன் உடலில் பட்டிருந்தால் 230 வோல்ட்டும் நேரே என் கைக்கு வந்திருக்கும். ட்ரிப் சுவிட்ச் விழும், ஆனால் நான் தொட்ட பிறகுதான் விழும்.

அப்பாவுக்கு இதை நம்பவே முடியவில்லை. மாதம் தவறாமல் ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பட்டனை அமர்த்திப் பார்க்கிறவர் அவர். டக் என்று விழும், எல்லாம் நலம் என்று இருந்தோம். அந்தப் பட்டன் சுவிட்ச்சுக்குள்ளேயே ஒரு பொய்க் கசிவை உண்டாக்கிப் பார்ப்பது. வளவில் எர்த் கம்பியே இல்லாவிட்டாலும் விழும். எர்த்தைத் தனியாக மீற்றர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

புதிய செப்புக் கம்பி, புதிய கிளாம்ப், அரை நாள் வேலை. முன்பு லப்டொப் உடலுக்கும் தரைக்கும் நடுவில் 108 காட்டிய மீற்றர் பிறகு 1 கூடக் காட்டவில்லை.

உங்களுக்குச் சொல்வது: முதலில் எர்த் உள்ள வயரை, கன்வேர்ட்டர் இல்லாமல், சுவரில் நேரே செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் வேறொரு வீட்டில் செருகிப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் உங்கள் சார்ஜர் எர்த்தை லப்டொப் பக்கம் கொண்டுபோகாத வகையாக இருக்கலாம், சில மூன்று பின் சார்ஜர்கள் அப்படி. அங்கே இல்லாவிட்டால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அதுவரை பற்றரியில் வேலை செய்யுங்கள். லப்டொப் ஆணியிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு வயர் இழுக்கிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழாய் இப்போது பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் கடத்தாத பிவிசிதான். சொக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எங்காவது அறுந்தால் லப்டொப்பின் உடலெல்லாம் 230 ஆகிவிடும்.

சுர் என்பது உதறலாக, கையை இழுக்கிற அடியாக மாறினால் அது வேறு கதை. கையை லப்டொப்பில் வைக்காமல் சுவர் சுவிட்ச்சை அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள், மறுபடி போட வேண்டாம். மலிவான போலிச் சார்ஜர்களில், மெயினுக்கும் லப்டொப்புக்கும் நடுவில் வைக்கும் அந்தக் கெப்பாசிட்டருக்குப் பதில் சாதாரணமானதைப் போட்டிருக்கலாம். நல்லது பழுதானால் தொடர்பை அறுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது, சாதாரணம் ஷோர்ட் ஆகி மெயினை அப்படியே இந்தப் பக்கம் விட்டுவிடலாம்.

எங்கள் வீட்டில் இப்போது கச்சான் வீசும் மாதங்களில் அரிசி கழுவிய தண்ணீரை அம்மா வாழைக்கு ஊற்றுவதில்லை. கிணற்றடிக்குப் பின்னால் அந்தக் குழிக்குத்தான் போகிறது.