சேவியர்: ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், பிள்ளைப்பெயர்

குடும்பப்பெயராக இருந்து ஆண்பிள்ளைகளின் முதற்பெயராக மாறிய பெயர்களைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பகுதி சேவியர் என்ற ஒரு பெயரைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பதில்கள் அதைச் சுற்றியே அமைகின்றன.

கேள்வி: பேரனுக்குச் சேவியர் என்று பெயர் வைக்கப் போகிறோம். 'மீட்பர்' என்று பொருள் என்கிறார் ஒருவர். அரபுச் சொல், 'ஒளி பொருந்தியவன்' என்கிறது பெயர்ப் புத்தகம். எது சரி? (வாசகி, நாகர்கோவில்)

இரண்டும் சரியில்லை. ஆங்கிலத்தில் மீட்பரைக் குறிக்கும் 'சேவியர்' வேறு, இந்தச் சேவியர் வேறு. மீட்பரைக் குறிப்பது லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் வந்த மயக்கம் இது.

நம் சேவியர் ஆளின் பெயராவதற்கு முன்பு ஓர் இடத்தின் பெயர். வட ஸ்பெயினின் நவார்ரா பகுதியில், பம்ப்லோனா நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், சங்குவேசா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் கொண்ட கோட்டை இன்றும் நிற்கிறது. பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. 'எச்செபெர்ரி' என்ற அந்த ஊர்ப்பெயர் மருவி ஷபியர், ஷவியர் ஆனது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் காணும் எச்செவெரியா, சவார்ரியா போன்ற குடும்பப்பெயர்களும் இதே வேரில் கிளைத்தவை. பாஸ்க் நிலமெங்கும் இப்படிப் 'புதுவீடு' என்று பெயர் கொண்ட இடங்கள் இருக்கும்போது, அரபுச் சொல்லைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி: புனித சவேரியாரின் தந்தை பெயரில் சேவியர் இல்லையே. பிறகு அவருக்கு எப்படி வந்தது? (வாசகர், மணப்பாடு)

நுட்பமான கேள்வி. தந்தை ஹுவான் தெ ஹாசோ, சட்டம் படித்தவர், நவார்ரா அரசவையில் உயர்பதவி வகித்தவர். தாய் மரியா தெ அஸ்பில்குவேத்தா. கோட்டை தாய்வழிச் சொத்து. 1506 ஏப்ரல் 7 அன்று பிரான்சிஸ்கோ, அதாவது நம் சவேரியார், அங்கேதான் பிறந்தார், கடைக்குட்டி. தந்தை பெயரையோ தாய் பெயரையோ சொத்தின் பெயரையோ பிள்ளைகள் சூடிக்கொள்ளலாம் என்பது அக்கால வழக்கம். அதனால் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன்களில் ஒருவர் மிகேல் தெ சேவியர், இன்னொருவர் ஹுவான் தெ அஸ்பில்குவேத்தா. குடும்பப்பெயர் என்பதே அன்று இன்றைக்கு இருப்பதுபோல் கட்டிப்போட்ட ஒன்றாக இல்லை.

நவார்ரா 1512-இல் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. 1516-இல் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. அப்போது பிரான்சிஸ்கோவுக்கு வயது பத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறையில் அவர் நடமாடிய காலத்தில் அவரை யாரும் சேவியர் என்று கூப்பிட்டதாகக் கொள்ளத் தேவையில்லை. போர்ச்சுக்கீசியர்களுக்கு அவர் 'மெஸ்த்ரே பிரான்சிஸ்கோ', அதாவது ஆசான் பிரான்சிஸ்கோ. கடிதங்களிலும் பெரும்பாலும் 'பிரான்சிஸ்கோ' என்று மட்டுமே கையெழுத்திட்டார்.

கேள்வி: அப்படியானால் குடும்பப்பெயர் எப்போது, எப்படிப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரானது? பிரிட்டோ, போஸ்கோ என்றெல்லாம் வைக்கிறார்களே, அதுவும் இதே கணக்குத்தானா? (வாசகர், திருச்சி)

அதே கணக்குத்தான். ஒரே பெயரில் பல புனிதர்கள் இருந்தால் அடையாளத்துக்கு ஓர் ஒட்டு தேவைப்படுகிறது. நாளடைவில் பெயர் உதிர்ந்து ஒட்டு நிலைத்துவிடுகிறது.

சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு அருகே சாங்சுவான் தீவில் இறந்தார். 1619-இல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம், 1622 மார்ச் 12 அன்று இஞ்ஞாசியார், அவிலா தெரசா உள்ளிட்ட நால்வரோடு சேர்த்துப் புனிதர் பட்டம். அப்போது 'புனித பிரான்சிஸ்' என்றாலே அசிசியார்தான் நினைவுக்கு வருவார். அவர் புனிதராகிக் கிட்டத்தட்ட நானூறு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. பவுலா நகரத்துப் பிரான்சிசும் இருந்தார். பிறகு அதே பெயர் கொண்ட சலேசியாரும் போர்ஜியாவும் வந்து சேர்ந்தார்கள். ஆகவே பிள்ளைக்கு இந்தப் பிரான்சிசைத்தான் பாதுகாவலராக வைக்கிறோம் என்று காட்ட 'பிரான்சிஸ் சேவியர்' என்று இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். பவேரியா, ஆஸ்திரியாவில் பிரான்ஸ் க்ஸாவர், இத்தாலியில் பிரான்செஸ்கோ சவேரியோ, பிரான்சில் பிரான்சுவா சவியே. இசைமேதை மொசார்ட்டின் கடைசி மகன் பெயரும் (1791) பிரான்ஸ் க்ஸாவர் என்றுதான் தொடங்கும். 1755-இல் பிறந்து பின்னாளில் 18-ஆம் லூயி மன்னரானவரின் பெயர் லூயி ஸ்தனிஸ்லா சவியே. இங்கே பிரான்சிஸ் போய்விட்டது, சேவியர் மட்டும் நிற்பதைக் கவனியுங்கள்.

திருச்சபைச் சட்டமும் இதற்கு ஒத்துப்போனது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்குப் பெறும் குழந்தைக்குப் புனிதர் பெயர் வைக்கச் சொன்னது. பெற்றோர் வேறு பெயரில் பிடிவாதமாக இருந்தால் பங்குத்தந்தை ஒரு புனிதரின் பெயரைக் கூடச் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983 தொகுப்பு இதைத் தளர்த்தி, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

பிரிட்டோவுக்கு வருவோம். லிஸ்பனில் பிறந்து 1693-இல் ஓரியூரில் உயிர்நீத்த அருளானந்தர் ஜான் தெ பிரிட்டோ 1947-இல் புனிதரானார். ஜான் போஸ்கோவுக்கு 1934-இலும் ஜான் மரிய வியான்னிக்கு 1925-இலும் புனிதர் பட்டம். ஜான்கள் ஏராளம். எனவே பிரிட்டோ, போஸ்கோ, வியானி.

தமிழ்நாட்டில் இது இத்தனை இயல்பாக நடந்ததற்கு நம் பெயர் முறையும் காரணம். தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். குடும்பப்பெயருக்கென்று தனி இருக்கை இல்லாததால், வெளியிலிருந்து வரும் எந்தக் குடும்பப்பெயரும் நேராகச் சொந்தப் பெயரின் இடத்தில் உட்கார்ந்துவிடும். நேருவும் போசும் அப்படி வந்தவர்கள்தான். ஸ்டாலின் என்பதோ குடும்பப்பெயர்கூட இல்லை, ஜுகாஷ்விலி என்பவர் தாமே வைத்துக்கொண்ட புனைபெயர்.

கேள்வி: சவரிமுத்து, சவேரியார், சேவியர் மூன்றும் ஒன்றா? (வாசகர், புதுச்சேரி)

ஒன்றே. வந்த வழிதான் வேறு. போர்ச்சுக்கீசிய மொழியில் எக்ஸ் எழுத்துக்கு 'ஷ' ஒலி. அந்த வாயிலிருந்து கேட்ட பெயர் தமிழில் சவேரி, சவரி ஆகி, அதன்மேல் நம் ஈறுகள் ஏறின: சவரிமுத்து, சவரிநாதன், சவரிராயன், சவரியப்பன், சவரியம்மாள். தெலுங்கிலும் மலையாளத்திலும் வழங்கும் சௌரி இதே பெயர். சேவியர் என்பது பின்னர் ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. ஸ்பெயினிலோ 'ஷ' ஒலி தொண்டைக்குள் இறங்கி 'ஹ' ஆனது. 1815 எழுத்துச் சீர்திருத்தத்தில் எக்ஸ் போய் ஜே வந்தது. அதனால் அங்கே ஹவியேர்.

எங்கள் கருத்து: சவரிமுத்துவும் சவரிநாதனும் இந்த மண்ணில் பழுத்த பெயர்கள். தாத்தாக்களோடு அவற்றை நிறுத்திவிட வேண்டாம். பேரனுக்குச் சேவியர் என்று வைப்பவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா சேவியரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடினோம். எக்ஸ் வரிசையில் அப்படி ஒருவரே இல்லை. (வாசகி, தூத்துக்குடி)

எக்ஸ் வரிசையில் இருக்க வாய்ப்பு குறைவு. பதிவேட்டின் பெயர் அகரவரிசை முதற்பெயரின்படி போடப்பட்டிருந்தால், அவர் 'பிரான்சிஸ்குஸ் க்ஸாவேரியுஸ்' என்று எஃப் வரிசையில்தான் இருப்பார். முதலில் அங்கே தேடுங்கள். பழைய பதிவுகள் பல லத்தீனில் உள்ளவை. 'இன்னாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன்' என்ற வாக்கியத்துக்குள் பெயர் வருவதால் ஈறு மாறி 'பிரான்சிஸ்கும் க்ஸாவேரியும்' என்றிருக்கும். அதை வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். 'ஃபீலியும்' என்றால் மகனை. அதை அடுத்து வருபவை பெற்றோர் பெயர்கள். 'பத்ரீனுஸ்' ஞானத்தந்தை, 'மத்ரீனா' ஞானத்தாய். இடம் போதாத இடங்களில் 'எஃப்.எக்ஸ்.' என்ற சுருக்கமும் உண்டு. அங்கேயும் இல்லையென்றால் எஸ் வரிசையில் சவரி என்று தொடங்கும் பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சுக் குருக்கள் எழுதிய ஏடுகளில் 'முத்து' என்பதன் உகரத்தை ஓ, யூ என்ற இரண்டு எழுத்துகளால் எழுதியிருப்பார்கள்.

பிறந்த ஆண்டு தெரியாவிட்டால் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். 1908-க்குப் பிறகு, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் அதைக் குறித்துவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த ஓரக்குறிப்பில் ஊரும் தேதியும் ஒத்துப்போனால், ஒரே பெயரில் உள்ள பலரில் உங்கள் ஆளைப் பிரித்துவிடலாம். பங்கில் ஏடு சிதைந்திருந்தால் ஆயரகத்தில், அதாவது ஆயரின் அலுவலகத்தில், கேளுங்கள். 1917 சட்டத் தொகுப்பு 1918-இல் நடைமுறைக்கு வந்தபின், ஆண்டுதோறும் பதிவுகளின் படியை அங்கே அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் எந்த ஆயரகம் என்பதில் கவனம் தேவை: தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இலும், கொல்லத்திலிருந்து பிரிந்த கோட்டாறு மறைமாவட்டம் 1930-இலும் உருவானவை. அதற்கு முந்தைய படிகளை அப்போதிருந்த ஆயரகத்தில்தான் தேட வேண்டும்.

கேள்வி: எங்கள் குடும்பப்பெயர் பர்னாந்து. ஸ்பெயினில் அது பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராமே? (வாசகர், வேம்பார்)

ஆம், சேவியருக்கு நேர்மாறான பயணம். பெர்னாண்டோ அங்கே முதற்பெயர். 'பெர்னாண்டோவின் மகன்' என்பதற்கான குடும்பப்பெயர் பெர்னாண்டஸ். முத்துக்குளித்துறையில் பர்னாந்துவே குடும்பப்பெயராகிவிட்டது. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துவின் பெயரில் இரண்டு பயணங்களும் சேர்ந்திருக்கின்றன: போர்ச்சுக்கல்லில் குடும்பப்பெயராக வழங்கும் குரூஸ் முன்னால், முதற்பெயரான பர்னாந்து பின்னால்.

கேள்வி: வெளிநாட்டில் இந்தப் பெயருக்கு மவுசு உண்டா? (வாசகர், கோவை)

உண்டு. ஸ்பெயினில் 1970, 80-களில் ஹவியேர் முதல் பத்து ஆண்பெயர்களுக்குள் இருந்தது. அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு முதல் நூறுக்குள் வந்தது. போர்ச்சுக்கல்லிலும் பிரேசிலிலும் பெரும்பாலும் இன்னும் குடும்பப்பெயர்தான்.

கேள்வி: மகன் பெயர் பிரான்சிஸ் சேவியர். பாஸ்போர்ட்டில் சேவியரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதலாமா? (வாசகர், சென்னை)

எழுத வேண்டாம். இந்தப் பெயரில் அடிக்கடி நேரும் சிக்கலே இதுதான். பாஸ்போர்ட்டில் சேவியர் குடும்பப்பெயராகி, பள்ளிச் சான்றிதழில் சொந்தப் பெயராக இருந்தால், வெளிநாட்டுக் கல்லூரியும் வங்கியும் இரண்டு ஆட்களோ என்று கேட்கும். நாளை அவருடைய பிள்ளைகளுக்கும் சேவியரே குடும்பப்பெயராகத் தொடரும்.

'பிரான்சிஸ் சேவியர்' இரண்டையும் சொந்தப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தில், இனிஷியலாக இருக்கும் தந்தை பெயரை விரித்து முழுதாக எழுதுங்கள். அதைக் காலியாக விட இந்திய பாஸ்போர்ட்டில் அனுமதி உண்டு, ஆனால் பயணத்தில் தொல்லை. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப்பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்க விசாவில் இருக்கும் பெயர் முழுவதும் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான 'எஃப்.என்.யு.' என்ற மூன்றெழுத்து வந்து நிற்கும்.

இந்த ஒழுங்கைப் பிறப்புச் சான்றிதழிலேயே தொடங்குவது நல்லது. பெயரில்லாமல் பதிவான குழந்தைக்கு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: எக்ஸ், ஏ, வி, ஐ, இ, ஆர். முதலில் இசட்டோ எஸ்ஸோ போடுவதும், 'மீட்பர்' நினைவில் நடுவே ஓ, யூ நுழைந்துவிடுவதும் சாதாரணமாக நடக்கும் பிழைகள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகும் முன், பள்ளியில் பெயர்ப் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்கும் நாளில் பையனோடு நீங்களும் போய்ப் பார்த்துவிடுங்கள்.